தேருக்கு முன்னால் எறிந்த தேங்காய்

ஈஸ்ட் ஹாம்
20 ஓகஸ்ட் 2007

மிதுலன்,

அன்று தேரடியில் நின்ற ஆட்களின் பெயரை முதலில் எழுதுகிறேன். பிறகு நீ "ஆர் கண்டது?" என்று கேட்கக் கூடாது.

உன் மாமா நவரத்தினம் நின்றான். தேங்காய் மூட்டையெல்லாம் அவன் கடையில் இருந்து வந்தவை, அன்றைய உபயமும் அவனுடையது. அதனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவாமிக்கும் முன்னுக்கு நின்றான். உன் மாமி வசந்தமலர் நின்றாள், இருக்கிற நகை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு. அவர்களின் மகள் கீர்த்திகா நின்றாள். அவள் சித்திரையில் வீட்டுக்குச் சொல்லாமல் கந்தோரில் கலியாண எழுத்து எழுதிய பெடியன் அர்ஜுன் நின்றான். அர்ஜுனின் தாய் தவநாயகி நின்றாள். டென்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நின்று நின்று காலைக் கெடுத்துக்கொண்டவள். அன்றும் அவள் ஒரு கதிரை கேட்கவில்லை. கடைக்குப் பக்கத்து வீட்டில் தையல் தைக்கிற பெர்னடெற் நின்றாள். வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், ஆனால் தேர் என்றால் எனக்கு முதல் வெளிக்கிட்டு நிற்பாள். ஜெயகௌரி நின்றாள். உன் அம்மாவின் செத்தவீட்டுக்கு வராதவள் அவள், அன்றிலிருந்து நான் அவளோடு கதைப்பதில்லை. அதற்காக நின்றவளை நிற்கவில்லை என்று எழுத மாட்டேன். நான் கடை வாசலில் மடக்குக் கதிரையில் இருந்தேன்.

நீ நின்றாய். அமெரிக்காவில் நீ பந்து எறிகிற கிளப் உன்னை நிற்பாட்டிவிட்டது என்று அன்றுதான் பிளேனில் வந்து இறங்கி, தேர் பாதி ரோட்டுக்கு வந்த பிறகு வந்து சேர்ந்தாய். காலையில் உன் மாமா அர்ஜுனுக்குச் செய்த மரியாதையை நீ காணவில்லை. அர்ஜுனையே நீ கண்டதில்லை.

தேர் கடைக்கு முன்னால் வந்தது. ஊர்ப்பட்ட சனம் ஒன்றாகத் தேங்காய் அடித்தது. கவுன்சில்காரர் ரோட்டில் விரித்த பொலித்தீன் முழுக்கத் தண்ணீர். மேளமும் சிதறுகிற சத்தமும் காதை அடைத்தன. அதற்குள் ஒரு தேங்காய் மட்டும் நிலத்துக்குப் போகவில்லை. ஆள் உயரத்தில் போனது. அர்ஜுன் வடத்தைப் பிடித்தபடி நின்றான், அவனுடைய காதுக்கு மேலே பட்டது. தேங்காய் உடையவில்லை, மிதுலன். மற்றதுதான் உடைந்தது. வடத்தில் பிடித்த கையை விடாமலே விழுந்தான். இழுத்தவர்கள் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனார்கள். பின்னால் வந்தவன் ஒருவன் ஈரத்தில் வழுக்கினான். அவன் குனிந்து பார்த்துக் கத்திய பிறகுதான் அது இரத்தம் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

உன் மாமா அந்த இடத்திலேயே சொன்னான்: "சிதறு தேங்காய் தெறிச்சுப் பட்டிட்டுது. கடவுளின்ரை செயல், ஆர் என்ன செய்யிறது?" பொலிசும் அதைத்தான் எழுதிக்கொண்டு போனது. தேங்காய் எப்படித் தெறிக்கும், எப்படித் தெறிக்காது என்று வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும்?

எனக்குத் தெரியும். உன் வலக்கால் உயர்ந்ததைக் கண்டேன். இடக்கை முதுகுக்குப் பின்னால் போய் வந்ததைக் கண்டேன். நீ அனுப்பிய வீடியோ கசற்றில் அந்த எறியைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தவள் நான். அமெரிக்காவில் அதற்கு உனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

இரண்டாம் நாள் நீ பிளேன் ஏறிவிட்டாய். போனில் இதைக் கதைக்க ஏலாது, போன் உன் மாமியின் மடியிலேயே இருக்கிறது. பதிலைப் பெர்னடெற்றின் பெயருக்குப் போடு.

அர்ஜுன் இன்னும் கண் திறக்கவில்லை. தவநாயகி கடவுளைத் திட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். திட்டு விழவேண்டிய இடம் அதுவல்ல. நீ வந்து அவளுடைய முகத்தைப் பார்த்து, நான்தான் எறிந்தேன் என்று சொல்ல வேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

அம்மம்மா

*

நியூ ஜேர்சி
5 செப்டம்பர் 2007

அன்புள்ள அம்மம்மா,

நான் தமிழில் எழுதிக் கனகாலம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எறிந்தது நான்தான். உங்களுக்கு ஒளிக்கவில்லை. ஆனால் அர்ஜுனுக்கு எறியவில்லை. பங்குனியில் மாமாவின் கடைக்குள் வந்து கப்பம் கேட்டு மாமாவின் தோளில் வெட்டிய பெடியன் அந்தச் சனத்துக்குள் நின்றான். மாமா காட்டினார். அவன் கத்தியை எடுக்கிறான் என்று சொன்னார். நான் எறிந்தேன். தேங்காய் ஈரமாக இருந்தது, கை வழுக்கிவிட்டது. மாமா சொன்னது போல நான் தவறவிட்டுவிட்டேன்.

இப்போது வர முடியாது. இந்தக் கிளப் சீசனின் கடைசி மாதத்துக்கு என்னை எடுத்திருக்கிறது. இது எனக்கு ஏழாவது கிளப். இங்கே ஒழுங்காக எறிந்தால் அடுத்த மாசியில் ஒரு பெரிய அணி தன் முகாமுக்குக் கூப்பிடலாம் என்கிறார்கள். நான் பதினெட்டு வயதிலிருந்து பஸ்ஸில் படுத்து எழும்புவது அந்த ஒரு கூப்பிடுதலுக்காகத்தான். பொலிசிடம் என் பெயர் போனால் விசா போய்விடும். அதோடு எல்லாம் முடிந்தது.

அர்ஜுன் எழும்பிவிடுவார் என்று மாமா போனில் சொன்னார். எழும்பினால் நானே வந்து காலில் விழுகிறேன்.

மிதுலன்

*

ஈஸ்ட் ஹாம்
17 செப்டம்பர் 2007

மிதுலன்,

எழும்பினால் வருவானாம். எழும்பினவனுக்கு நீ எதற்கு?

அவனுடைய மண்டையில் ஒரு பக்க எலும்பைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் பள்ளமாக இருக்கிறது. கீர்த்திகா அந்தப் பள்ளத்துக்கு மேலே துணி போட்டு மூடிவிட்டு அவனோடு கதைத்துக்கொண்டிருக்கிறாள், கலியாண வீட்டுக்கு என்ன நிறச் சீலை எடுக்கலாம் என்று. 

இனி உன் கதைக்கு வருகிறேன். நீ தவறவிட்டாயா?

ஒன்பது வயதில் என்னிடம் வந்து, பதினாலு வயதில் உன் தகப்பன் கனடாவுக்குக் கூப்பிடும் வரைக்கும் என்னோடு இருந்தவன் நீ. நீ உடைத்த சாமான் எனக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். ஜெயகௌரி கூரையில் பூட்டிய டிஷ்ஷைப் பின்வளவில் நின்று ஒரே கல்லில் விழுத்தினாய். கேட்டதற்கு, "அவ அம்மாவைப் பற்றிக் கதைச்சவ" என்றாய். பஸ் தரிப்பிடத்தில் எனக்கு மேல் துப்பிய வெள்ளைப் பெடியனின் வாயில் இருந்த சிகரெட்டைத் தட்டினாய். சொண்டில் படவில்லை, சிகரெட்டில் மட்டும் பட்டது. அவன் அழவும் இல்லை, வாயைத் திறந்தபடி நின்றான். நீ உடைத்ததெல்லாம் நீ உடைக்க நினைத்ததுதான். தவறுதலாக நீ ஒரு கோப்பைகூட உடைத்தது கிடையாது.

அந்தக் கையை உன் மாமா என்ன பாடு படுத்தினான் என்பதும் எனக்கு மறக்கவில்லை. நீ இடக்கையால் சோறு அள்ளுகிறாய் என்று கதிரைக் காலோடு சணல் கயிற்றால் கட்டிவிட்டான். "பீச்சங்கையன் எண்டு சபையிலை என்ரை மானத்தை வாங்கப் போறான்" என்று கத்தினான். மணிக்கட்டில் தோல் உரிந்து இரத்தம் வந்தது. நான் கத்தியால் கயிற்றை வெட்டிவிட்டு, அதே கத்தியை அவனுக்கு முன்னால் மேசையில் குத்தி வைத்தேன். பிறகு அவன் கட்டவில்லை. மேசையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. வசந்தமலர் அதற்கு மேல் பூச்சாடி வைத்திருக்கிறாள்.

ஆகவே எனக்குக் கைவழுக்கின கதை சொல்லாதே. உன் மாமா உனக்கு ஆளை எப்படிக் காட்டினான்? என்ன சொன்னான்? அவன் வாயில் வந்ததை அப்படியே எழுது.

அம்மம்மா

*

ரொறன்ரோ
22 ஒக்டோபர் 2007

அன்புள்ள அம்மம்மா,

சீசன் முடிந்து அப்பாவின் நிலக்கீழ் அறையில் இருக்கிறேன். உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பதில் எழுதுவதற்கு முதல் என் வேலை என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் கசற் பார்த்திருக்கிறீர்கள், ஆனால் நான் ஏன் கொஞ்ச நேரம் மட்டும் வந்து போகிறேன் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

பேஸ்போலில் இடக்கையால் அடிக்கிற ஆளுக்கு இடக்கையால் எறிகிறவனுடைய பந்து பிடிபடாது. முதுகுக்குப் பின்னால் இருந்து வருவது போலிருக்கும். அதனால் எதிரணியின் இடக்கை அடிகாரன் வந்து நிற்கும்போது மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள். மைதானத்தின் மூலையில் ஒரு கூண்டுக்குள் மற்ற எறிகாரர்களோடு இருப்பேன். போன் அடிக்கும். எழும்பி ஓடுவேன். ஒரு ஆளுக்கு எறிவேன். மனேஜர் நடந்து வந்து கையை நீட்டுவார், பந்தைக் கொடுத்துவிட்டுப் போவேன். சில நாள் வியர்வைகூட வராது. என்னிடம் வேகம் இல்லை. என்னைவிட வேகமான பெடியள் வரிசையில் நிற்கிறார்கள். என்னிடம் இருப்பது குறி மட்டும்தான். சொன்ன இடத்தில் போடுவேன். அதனால்தான் ஒரு கிளப் விட்டால் இன்னொரு கிளப் எடுக்கிறது. மொன்டானா, ஐயோவா, டெக்சாஸ் என்று எல்லா இடத்திலும் என் பெயருக்கு முன்னால் அதே ஒரு சொல்தான்: குறிகாரன்.

அந்தக் குறிக்கு இன்னொரு வேலையும் உண்டு. எங்கள் ஆள் ஒருவனின் உடம்பில் படும்படி அவர்கள் எறிந்தால், அவர்களின் ஆள் ஒருவனுக்கு நாங்களும் அப்படி எறிய வேண்டும். அது புத்தகத்தில் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். டெக்சாசில் மனேஜர் தன் காதைத் தொட்டுக் காட்டுவார். முதுகு இலக்கத்தை மட்டும் சொல்லுவார், பெயர் சொல்ல மாட்டார். ஒருநாள் ஒருவனின் தாடையில் போட்டேன். அவன் நிலத்தில் இருந்து வாய்க்குள் விரலை விட்டுப் பல்லைத் தேடினான். அந்தச் சத்தம் ஈர விறகை முறிப்பது போல. அன்று எல்லோரும் எனக்குப் பியர் வாங்கித் தந்தார்கள். நானும் குடித்தேன்.

அம்மம்மா, நீங்கள் எழுதியது சரி. கை வழுக்கவில்லை. நான் தவறவிடவில்லை.

தேங்காயை மாமாதான் என் இடக்கையில் வைத்தார். வலக்கையை நீட்டினேன், அதைத் தட்டிவிட்டு இடக்கையில் வைத்தார். அவர் சொன்னது இது: "அந்தா, சிவப்புச் சால்வை. அவன்தான் கடையிலை வெட்டினவன். கத்தியை எடுக்கிறான். மண்டையிலை எறியடா!"

வடம் பிடித்த ஆம்பிளைகள் எல்லோரும் மேலுக்கு ஒன்றும் போடாமல் வெள்ளை வேட்டியோடு நின்றார்கள். எனக்குத் தெரிந்தது முதுகுகள்தான். சிவப்புச் சால்வை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எனக்கு அது முதுகு இலக்கம் மாதிரி. காதுக்கு மேலே பார்த்தேன், அங்கேயே போனது. நான் ஒவ்வொரு நாளும் எறிகிற தூரம்.

பிறகு தன் வாகனத்துக்குள் வைத்து மாமா சொன்னார்: "பிழையான ஆளுக்குப் பட்டிட்டுது. நீ தவறவிட்டிட்டாய். வாயைப் பொத்திக்கொண்டு போ, நான் பாக்கிறன்." எறிகிறவனுக்குத் தன் பந்து தெரியும். ஆனால் தவறவிட்டேன் என்பதை நம்புவது எனக்குச் சுகமாக இருந்தது.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. அந்தக் கத்திக்காரனுடைய சால்வை அர்ஜுனின் இடுப்புக்கு எப்படி வந்தது?

மிதுலன்

*

ஈஸ்ட் ஹாம்
12 நவம்பர் 2007

மிதுலன்,

அர்ஜுன் வெள்ளிக்கிழமை செத்துப்போனான். நெருப்புக் காய்ச்சல் மாதிரி வந்தது, கிருமி மூளைக்குள் போய்விட்டது என்றார்கள். தவநாயகி கத்தவில்லை. அவனுடைய சப்பாத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அதன் கயிற்றைக் கட்டினாள், அவிழ்த்தாள், கட்டினாள். கீர்த்திகா தன் தலைமயிரைக் குசினிக் கத்தரிக்கோலால் அறுத்துவிட்டாள். காதிலும் வெட்டு.

இனி உன் கேள்விக்குப் பதில்.

உபயகாரனுக்குக் கோயிலில் ஒரு பட்டுச் சால்வை கட்டுவார்கள். வருஷத்துக்கு ஒன்று. இந்த வருஷம் அது சிவப்பு. ஐயர் அதை உன் மாமாவின் இடுப்பில் கட்டினார். தேர் வெளிக்கிட முதல் மாமா அதை அவிழ்த்தான். "தம்பி அர்ஜுன், இஞ்சை வாரும்" என்று கூப்பிட்டான். எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, தன் கையால் அவனுடைய இடுப்பில் கட்டி, சீலைக் கொய்யகம் மாதிரி மடிப்பும் எடுத்துவிட்டான். "இண்டையிலை இருந்து இவர் எங்கடை வீட்டுப் பிள்ளை" என்றான். தவநாயகி அழுதாள். கீர்த்திகா தகப்பனின் காலில் விழுந்தாள். பெர்னடெற் கைதட்டினாள். இந்த வைரநெஞ்சுக்காரி, நானும் அழுதேன். சித்திரையில் அவனை வீட்டு வாசலில் வைத்துச் "சாதி கெட்ட நாயே" என்று கலைத்த மனுசன் திருந்திவிட்டான் என்று நினைத்தேன். அந்த நேரம் உன் பிளேன் ஆகாயத்தில்.

தெரு முழுக்க ஒரு சிவப்புச் சால்வைதான், மிதுலன். கத்திக்காரனும் இல்லை, கத்தியும் இல்லை.

ஊரில் வேள்விக்கு நேர்ந்த கடாவைக் குளிக்க வார்த்து, நெற்றியில் பொட்டு வைத்து, கழுத்தில் மாலை போடுவார்கள். கடாவும் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும். வெட்டுகிறவன் வேறு ஆள். வருஷத்தில் ஒருநாள் வருவான், ஒரு வெட்டு, போய்விடுவான். அவனை ஒருவரும் வீட்டுக்குள் கூப்பிடுவதில்லை. மாலை போட்டவன் கையைக் கழுவிவிட்டுப் பந்தியில் இருப்பான். நீ உன் வேலையைப் பற்றி எழுதியதை வாசித்தபோது எனக்கு அவனுடைய முகம்தான் வந்தது.

உன் மாமா செத்தவீட்டுக்கு ஆளுயர மாலை கொண்டு போனான். தவநாயகியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் அவனுடைய கையைப் பிடித்து, "நீங்கள் எண்டாலும் என்ரை பிள்ளையைப் பிள்ளையெண்டு சொன்னியள்" என்றாள். நான் அந்த இடத்தில் நின்றேன்.

நீ எப்போது வருகிறாய்?

அம்மம்மா

*

புளோரிடா
3 மார்ச் 2008

அன்புள்ள அம்மம்மா,

நீங்கள் அனுப்பிய கடிதங்கள் மூன்றும் கிடைத்தன. மூன்றிலும் "நீ எப்போது வருகிறாய்?" என்ற அந்த ஒரு வரிதான். நான் பதில் எழுதாததற்குக் காரணம், பெரிய அணி கூப்பிட்டுவிட்டது.

இங்கே என் பெயர் எழுதிய ஒரு அலுமாரி இருக்கிறது. உடுப்பைத் தோய்த்து மடித்துத் தருகிறார்கள். பஸ் இல்லை. முதல் கிழமை நான் உங்களையும் நினைக்கவில்லை, அர்ஜுனையும் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. ஆளுக்கு ஆள் எறிந்தேன், எல்லோரும் தடுமாறினார்கள். இடக்கைக்காரர் இங்கே போதாது, உனக்கு இடம் இருக்கிறது என்றார்கள்.

நேற்று ஒரு பயிற்சி ஆட்டம். எங்கள் ஆளுக்கு அவர்கள் விலாவில் எறிந்துவிட்டார்கள். போன் அடித்தது. நான் ஓடிப் போனேன். மனேஜர் காதைத் தொட்டார். ஒரு இலக்கம் சொன்னார். அந்த இலக்கத்துக்காரன் வந்து நின்று, காலால் மண்ணைத் தட்டினான். என்னைப் பார்த்துச் சிரித்தான். இருபது வயது இருக்கும்.

நான் பந்தை நிலத்தில் வைத்துவிட்டு நடந்தேன். மனேஜர் கத்தினார். என் ஆட்களே தூஷணத்தால் பேசினார்கள். உடுப்பு மாற்றும் அறையில் ஒருவன் என்னைச் சுவரோடு அடித்தான். சொண்டு கிழிந்து தையல் போட்டிருக்கிறது. இரவே அலுமாரியில் இருந்த பெயரைக் கிழித்துவிட்டார்கள்.

தவநாயகி மாமியின் வீட்டு விலாசத்தை எழுதி அனுப்புங்கள்.

மிதுலன்

*

பெர்னடெற் வீடு
ஈஸ்ட் ஹாம்
17 மார்ச் 2008

மிதுலன்,

எழுத்துக் கோணலாக இருக்கும். வலக்கையில் மாவுக்கட்டு. இடக்கையால் எழுதுகிறேன். பெர்னடெற் தான் எழுதித் தருகிறேன் என்றாள், நான் விடவில்லை.

உன் கடிதம் வந்த அன்று தபால்காரன் அதைப் பெர்னடெற் வீட்டில் போடாமல் கடைக்குள் கொடுத்துவிட்டான். உன் மாமா உடைத்து வாசித்துவிட்டு, கடைக்கு மேலே நாங்கள் இருக்கிற வீட்டுக்கு ஏறி வந்தான். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"தவநாயகியின்ரை விலாசம் அவனுக்கு என்னத்துக்கு?" என்றான்.

"நீ கட்டின சால்வையைப் பற்றிக் கதைக்க" என்றேன்.

 அவன் கத்தவில்லை, மெதுவாகக் கதைத்தான். "ஓம், நான்தான் காட்டினனான். ஊரிலை எங்கடை வளவுக்குள்ளை கால் வைக்க ஏலாத சாதி. என்ரை பிள்ளையைக் கொண்டு போக, நான் பாத்துக்கொண்டு நிக்கவோ? மண்டை காயப்பட்டு ஒரு வருசம் கிடந்தால் பெட்டைக்கு அலுத்துப் போகும் எண்டு நினைச்சன். செத்தது அவன்ரை விதி. எறிஞ்சது நானில்லை. பீச்சங்கையன்ரை கை."

"அந்தக் கையிலை தேங்காய் வைச்சது ஆர்ரை கையடா?" என்று கேட்டேன்.

கடிதத்தைக் கிழிக்கப் போனான், நான் பிடித்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நீ எழுதிய ஈர விறகுதான். வசந்தமலர் வாசலில் நின்றாள். "மாமி, பேசாமல் விடுங்கோவன்" என்றாள், எனக்கு. அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. கீர்த்திகா அறைக்குள் இருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கீரை அரிய வைத்த கத்தி மேசையில் கிடந்தது. அவள் அதைப் பார்த்ததை நான் கண்டேன். என் நல்ல கையால் அதைத் தட்டி விழுத்திவிட்டு அவளை இழுத்துக்கொண்டு பெர்னடெற்றிடம் வந்துவிட்டேன். இனி அந்தப் படி ஏற மாட்டேன்.

தவநாயகி இருப்பது ஃபாரஸ்ட் கேட்டில், ஸ்டேசனுக்குப் பின்னால், பச்சைக் கதவு போட்ட மூன்றாவது வீடு. பெல் வேலை செய்யாது. கையால் தட்டு.

அம்மம்மா

*

லண்டன்
9 மே 2008

அன்புள்ள அம்மம்மா,

இந்தக் கடிதத்தை மறியலில், சிறைக்குள் இருந்து எழுதுகிறேன். நீங்கள் பார்க்க வர வேண்டாம்.

பச்சைக் கதவைத் தட்டினேன். தவநாயகி மாமி திறந்தா. நான்தான் எறிந்தேன் என்று சொன்னேன். சால்வையையும் சொன்னேன். அவ செருப்பைக் கழற்றி என் முகத்தில் அடித்தா. நான் கையை உயர்த்தவில்லை. புளோரிடாவில் போட்ட தையல் பிரிந்துவிட்டது. அடித்து அடித்துக் களைத்துப்போய்ப் படியில் இருந்தா. பிறகு உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டு வந்து, எனக்குப் பக்கத்தில் வைத்தா. நான் இடக்கையை நீட்டினேன். அவ அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தா. நான் கையை எடுத்துவிட்டு வலக்கையால் குடித்தேன். பொலிசுக்குப் போகும்போது அவவும் கூட வந்தா.

மாமாவையும் பிடித்து விசாரித்துவிட்டு வெளியே விட்டிருக்கிறார்கள். நான் பொய் சொல்லுகிறேன் என்கிறாராம், தான் தேர்ப் பக்கமே பார்க்கவில்லை என்கிறாராம். என் லோயர் சொல்லுகிறார், என்னை எறியச் சொன்னதை மாமா உங்களிடம் ஒத்துக்கொண்டவர், அதனால் எல்லாம் உங்கள் வாயில்தான் இருக்கிறது என்று.

அம்மம்மா, நீங்கள் சாட்சி சொல்லாவிட்டாலும் நான் கோபிக்க மாட்டேன். அவர் உங்களின் பிள்ளை. நான் எப்படியும் உள்ளேதான். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். என்னை மன்னிப்பீர்களா?

மிதுலன்

*

ஃபாரஸ்ட் கேட்
2 ஜூன் 2008

மிதுலன்,

விலாசத்தைப் பார். நானும் கீர்த்திகாவும் தவநாயகியோடு இருக்கிறோம். அவள்தான் கூப்பிட்டாள். அவளுடைய காலுக்கு நான் எண்ணெய் போடுகிறேன், அவள் எனக்குத் தலை வாரி இழுத்துவிடுகிறாள். அதிகம் கதைப்பதில்லை.

நேற்று பொலிசுக்காரியும் தமிழ் மொழிபெயர்க்கிற பிள்ளையும் வந்தார்கள். அன்று ஆர் ஆர் நின்றது என்று கேட்டார்கள். உனக்கு எழுதிய அதே ஒழுங்கில் சொன்னேன். ஒரு பெயரும் விடவில்லை. சால்வையைச் சொன்னேன். மடிப்பு எடுத்துவிட்டதையும் சொன்னேன். மணிக்கட்டைக் காட்டினேன். அந்தப் பிள்ளை, "அம்மம்மா, உங்கடை மகன் எண்டு விளங்கித்தான் சொல்லுறியளோ?" என்று கேட்டது. "பத்து மாசம் சுமந்தவளுக்கு விளங்காதோ பிள்ளை? நீர் எழுதும்" என்றேன்.

பெர்னடெற்றும் சால்வையைச் சொல்லியிருக்கிறாள். ஜெயகௌரி தானாகவே பொலிசுக்குப் போய், உன் மாமா உன் காதுக்குள் குனிந்ததைக் கண்டேன் என்று சொன்னாளாம். உன் அம்மாவின் செத்தவீட்டுக் கணக்கை அவளோடு தீர்த்துவிட்டேன். டிஷ்ஷைப் பற்றியும் அவளுக்குச் சொல்லிவிட்டேன். "அது அவன்தான் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும், உங்கடை வாய்க்குப் பயத்திலை பேசாமல் இருந்தனான்" என்றாள்.

வசந்தமலர் வந்து படியில் நின்று அழுதாள். மனுசனுக்குப் பயந்து வாழ்ந்தவள். பயந்தவளோடு எனக்குப் பெரிய வழக்கு இல்லை. உள்ளே விடவில்லை, ஆனால் கதவை அவளின் முகத்தில் சாத்தவும் இல்லை.

உன்னை மன்னிக்கிறேனா என்று கேட்டாய். அது என்னுடைய வேலை இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் பக்கத்து அறையில் இருக்கிறாள். அவளிடம் கேள், ஒருநாளைக்குச் சொல்லுவாள், சொல்லாமலும் விடுவாள். நான் உனக்குச் செய்யக்கூடியது, மறியலில் அவர்கள் உன்னைக் கூப்பிடும் இலக்கத்தை ஒருநாளும் கேட்காமல் இருப்பது. கடித உறையில் அதைப் பெர்னடெற்தான் எழுதுகிறாள். எனக்கு நீ மிதுலன்.

எறிந்த கைக்கு வலி தெரிந்துவிட்டது, நீ பந்தை நிலத்தில் வைத்தாய். கோபத்தில் கத்தியெடுத்தவனாக இருந்தாலும் ஒருநாள் யோசித்திருப்பேன். ஆனால் பிள்ளை என்று கூப்பிட்டு, தன் இடுப்பில் இருந்ததை அவிழ்த்து, தாய் பார்த்து அழ அழ மடிப்பெடுத்துக் கட்டி, அந்த முடிச்சையே குறியாகக் காட்டியவன் ஒருவன் இருக்கிறான். நான் செத்தாலும் அவனுடைய கொள்ளி எனக்கு வேண்டாம் என்று தவநாயகியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வலக்கை மாவுக்கட்டைப் போன கிழமை வெட்டிவிட்டார்கள். இந்தக் கடிதத்தை அந்தக் கையால்தான் எழுதினேன். ஆனால் நான் மன்னிக்காத ஒரே ஆளின் பெயரை அதால் எழுத எனக்கு மனமில்லை. பேனையை மாற்றிப் பிடித்து, என் இடக்கையால், அவன் உனக்குக் கட்டிப்போடப் பார்த்த அந்தக் கையால், எழுதுகிறேன்.

நவரத்தினம்.